செவ்வாய்க் கிரகத்தின் வரைபடமும் நம் தோட்டத்தின் வரைபடமும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மாக் மண்டினுக்கு வந்து பேசும்படி என்னை அழைத்த அன்பர்கள், "பிள்ளைகளுக்கும் பயன்படணும், பெற்றோருக்கும் பயன்படணும், அப்படி ஏதாவது பேசுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். திருக்குறளைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியோர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் ஒரு தோட்டப் பள்ளி வாத்தியார். எனக்குத் தெரிந்தது வகுப்பறை ஒன்றுதான். ஆகவே, வகுப்பறையில் நாங்கள் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். "விளையாட்டா!" என்று சிரிக்காதீர்கள். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அதன் பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

பெட்டிக்குள் ஒரு கிரகம்

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு மாணவர், ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "சார், பசங்க விளையாடட்டும்" என்றார். திறந்து பார்த்தால் ஓர் அட்டை, நிறையச் சீட்டுகள், சின்னச் சின்னக் கட்டைகள். ஆட்டத்தின் பெயர் டெராஃபார்மிங் மார்ஸ். செவ்வாய்க் கிரகத்தை நம் பூமியைப் போல் மனிதர் வாழத் தக்க இடமாக மாற்றுவது என்று பொருள். சுவீடன் நாட்டு ஜேகப் ஃபிரிக்ஸேலியுஸ் என்பவர் அமைத்த இந்த ஆட்டம் 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே 2016இல்தான் நாம் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். 1816 அக்டோபர் 21ஆம் நாள் இதே பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இருந்ததை வைத்தே அந்தக் கணக்கு.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு பெரிய நிறுவனத்தின் முதலாளி. செவ்வாயில் இப்போது சுவாசிக்கக் காற்று இல்லை. இருக்கிற மெல்லிய காற்றிலும் நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு. எலும்பை உறைய வைக்கும் குளிர். இதை மாற்ற வேண்டும். ஆட்டத்தில் வெப்பநிலை மைனஸ் 30இல் தொடங்கி இரண்டிரண்டாக ஏறிப் பிளஸ் 8 வரை வர வேண்டும். பிராணவாயு பூஜ்யத்திலிருந்து நூற்றுக்கு 14 வரை உயர வேண்டும். ஒன்பது கடல்களை நிரப்ப வேண்டும். மூன்றும் நிறைவேறினால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் காடு வளர்த்து, நகரம் கட்டி, அதிகப் புள்ளி சேர்த்தவரே வென்றவர்.

ஒரு தந்தை வகுப்பு வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். "என்னா சார், புள்ளைங்கள படிக்க அனுப்புனா இங்க கட்டைய வச்சி விளையாடுதுங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம். நான் அவரை உட்கார வைத்து, அவர் மகளை அழைத்தேன். "அம்மா, மைனஸ் 30 இப்ப மைனஸ் 12க்கு வந்திருக்கு. எத்தனை படி ஏறினோம்? இன்னும் எத்தனை படி இருக்கு?" என்றேன். "ஒன்பது ஏறிட்டோம் சார், இன்னும் பத்து" என்றாள் யோசிக்காமல். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்ணைக் கரும்பலகையில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு ஏறவில்லை. ஆட்டத்தில் இரண்டே நாளில் ஏறிவிட்டது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. கணக்கு நீக்கப்படவில்லை அல்லவா! அந்தத் தந்தையும் சிரித்துக்கொண்டு, "சரி சார், விளையாடட்டும்" என்று சொல்லிப் போனார்.

புதிய அட்டை, பழைய பழக்கம்

நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு 2017இல் ஒரு கூடுதல் அட்டை வந்தது. இரண்டு பக்கமும் படம் அச்சிட்ட அட்டை. ஒரு பக்கம் ஹெல்லாஸ், மறு பக்கம் எலிசியம். முதல் பெட்டியில் இருந்தது செவ்வாயின் தார்சிஸ் என்ற பகுதி. இவை மூன்றுமே செவ்வாயில் உண்மையாக உள்ள இடங்கள். ஹெல்லாஸ் என்பது தென்பாதியில் உள்ள மாபெரும் பள்ளம். அகலம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரைக்கும் உள்ள நம் தீபகற்பத்தை மூன்று தடவை நீட்டிப் போட்டால் அந்தப் பள்ளத்தின் குறுக்கே கிடக்கும். எலிசியம் அட்டையில் ஒலிம்பஸ் மலை இருக்கிறது. அதன் உயரம் சுமார் 22 கிலோமீட்டர். இங்கிருந்து வடக்கே பார்த்தால் தெரிகிறதே குனோங் ஜெராய், அதைப் போல் பதினெட்டு மலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்!

புதிய அட்டையில் விதிகள் மாறவில்லை. சீட்டுகள் அதேதான், கட்டைகள் அதேதான், அறுகோணக் கட்டங்களும் அதே 61தான். நிலம் மட்டும் மாறிவிட்டது. எங்கே தண்ணீர் வரும், எந்தக் கட்டத்தில் என்ன கிடைக்கும், எதற்குப் பரிசு என்பவை மாறிவிட்டன. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்ன செய்தது தெரியுமா?

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பழைய அட்டையில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. எட்டுச் செடிக் கட்டைகள் சேர்ந்தால் ஒரு காடு வைக்கலாம். அவன் விறுவிறுவென்று மூன்று காடுகள் வைப்பான். மூன்று காடு வைத்தவன், எட்டுப் பணம் கட்டி, 'தோட்டக்காரர்' என்ற சிறப்பைப் பெறலாம். அதற்கு ஐந்து புள்ளி. இப்படி ஒவ்வொரு தடவையும் அவனே முதலில் ஓடி வாங்கிவிடுவான்.

எலிசியம் அட்டையை விரித்தோம். அவன் வழக்கம்போல் மூன்று காடுகளை வைத்துவிட்டு, பெருமையோடு எட்டுப் பணத்தை எடுத்து நீட்டினான். எங்கே வைப்பது என்று தேடினான். அந்த அட்டையில் 'தோட்டக்காரர்' சிறப்பே இல்லை! ஒவ்வொரு காட்டுக்கும் உள்ள ஒரு புள்ளி கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே வேறு பரிசுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் 'எஸ்டேட் டீலர்', அதாவது நிலத் தரகர். தண்ணீர் ஓரத்தில் அதிக இடம் பிடித்தவருக்கு அந்தப் பரிசு. அன்று அவன் கடைசியாக வந்தான். பக்கத்தில் நின்ற எங்கள் பள்ளிப் பாதுகாவலர், பழைய பால்வெட்டுக்காரர், ஒரு வார்த்தை சொன்னார்: "பாத்தீங்களா சார், தோட்டத்துல பாடுபட்டவனுக்குப் பரிசு இல்ல, தோட்டத்த வாங்கி விக்கிறவனுக்குப் பரிசு இருக்கு." பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஹெல்லாஸ் அட்டை. அதன் அடியில் தென்துருவம். 'குளிரான இடம், நமக்கு எதற்கு?' என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். ஒரு சிறுமி மட்டும் அட்டையை நிதானமாகப் படித்தாள். துருவத்தைச் சுற்றி உள்ள கட்டங்களில் வெப்பக் கட்டைகள் பரிசாகக் கிடைக்கும் என்று கண்டாள். கடைசி இரண்டு வரிசைகளில் மூன்று இடம் பிடித்தால் துருவ ஆய்வாளர் என்ற சிறப்பு உண்டு என்பதையும் கண்டாள். பழைய அட்டையில் ஒரு தடவைகூட ஜெயிக்காத அந்தப் பிள்ளை அன்று ஜெயித்தாள். "எப்படிம்மா?" என்று கேட்டேன். "ஆடுறதுக்கு முன்னாடி படத்தப் பாத்தேன் சார்" என்றாள்.

இந்தப் புத்தி நமக்குப் புதிதா? இல்லை. நம் பாட்டன்மார் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஊருக்கு ஊர் கட்டம் மாறும். கட்டம் மாறினால், புலி பாயும் வழியும் மாறும், ஆடு ஒதுங்கும் வழியும் மாறும். கட்டத்தைப் பார்க்காமல் காயை நகர்த்துகிறவன் ஆட்டைப் பறிகொடுப்பான். 'ஆடுறதுக்கு முன்னாடி படத்தப் பாரு' என்பது நம் திண்ணைப் பாடம்தான்.

நடுவது யார்?

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "சார், எட்டுக் கட்டை குடுத்தா ஒரு காடு வந்துருது. அந்த மரத்தையெல்லாம் நடுறது யாரு சார்? அந்த ஆளு எங்க இருக்காரு?"

அன்பர்களே, பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி என்னைத் திகைக்க வைத்ததில்லை. பெட்டியில் தேடினேன். நிறுவனத்துக்குச் சீட்டு இருக்கிறது. நகரத்துக்கு வில்லை இருக்கிறது, காட்டுக்கும் கடலுக்கும் வில்லை இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கும் ஆளுக்கு ஒரு கட்டைகூடக் கிடையாது. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருநூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள். அவற்றுள் ஒன்றின் தலைப்பைக் கண்டதும் என் கை நின்றுவிட்டது. 'ஒப்பந்தக் கூலிகள்.'

அந்தச் சீட்டுக்கு விலை ஒன்றும் இல்லை. சும்மாவே இறக்கலாம். இறக்கினால், அடுத்த சீட்டின் விலையில் எட்டுப் பணம் குறையும். ஆனால் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, அதை இறக்கியவரின் புள்ளியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மலிவாக ஆள் கிடைத்தது உண்மை, ஆனால் அது உன் கணக்கில் ஒரு பற்று என்று அந்தச் சீட்டு சொல்கிறது.

பெரியவர்களே, அந்தச் சீட்டில் இருப்பது யார்? நாம்தான். பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்குத் தீவில் கொடி ஏற்றினார். 1800இல் கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள நிலமும், அதாவது நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் செபராங் பிறை, கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. வரைபடத்தில் இதைக் 'காடு' என்று குறித்தார்கள். ஆனால் அங்கே கம்பங்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, மக்கள் இருந்தார்கள். பிறகு கரும்புத் தோட்டங்கள் வந்தன. அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள், கப்பல் கூலியை உழைத்துக் கழிப்பதாகக் கைநாட்டு வைத்தவர்கள், நம் முன்னோர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள் கூட்டி வரும் முறை 1938இல் நின்றது. அந்த எட்டுப் பணச் சலுகையை அனுபவித்தவர்கள் பலர். கடைசியில் அந்த ஒரு புள்ளியை யார் கணக்கில் கழித்தார்கள் என்று தெரியவில்லை!

அந்தப் பெண் பிள்ளையின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். வகுப்பு முழுவதும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "எங்க தாத்தாவோட அப்பா இப்படித்தான் வந்தாராம் சார்" என்றான் ஒருவன். சரித்திரப் பாடம் அன்று தானாகவே நடந்தது.

மாறிப்போன நம் வரைபடம்

சின்ன வயதில் என் பாட்டியோடு சம்பள நாளன்று தோட்டத்து ஆபீசுக்குப் போவேன். சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும். ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண், நட்ட ஆண்டு, எத்தனை ஏக்கர் என்று எழுதியிருக்கும். "நம்ம வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். கிராணி ஐயா அன்பானவர். குச்சியால் ஒரு சின்னக் கறுப்புக் கோட்டைத் தொட்டு, "இதுதாண்டா லயம்" என்றார். எங்கள் முப்பது குடும்பமும் அந்த ஒரு கோட்டுக்குள் இருந்தோம்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வாசல் மண்ணில் ஒரு குச்சியால் தம் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். "இது முனியாண்டி கோயில். இது ஆயாக் கொட்டாய். இது பால் ஸ்டோரு. இந்த நிரையிலதான் உங்க தாத்தா பாம்பு கடிச்சி விழுந்தாரு. இது வெள்ளம் வந்தப்ப எல்லாரும் ஏறி நின்ன மேடு." ஆபீஸ் படத்தில் இவை எதுவும் கிடையாது. அந்த மண் படம் மறுநாள் மழையில் கரைந்துவிட்டது. அந்தத் தோட்டமும் இன்று இல்லை.

எலிசியம் அட்டையைப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நமக்கும் அட்டையை மாற்றிவிட்டார்கள். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. இந்த மண்ணிலேயே உழைத்தும், பாரத்தை நிரப்பிக் கொடுக்காமல் விட்டவர்கள், எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள், ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பலில் வந்து, ரஜூலா கப்பலிலேயே திரும்பிய குடும்பங்களைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிறகு கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடமைப்பு வந்தது. இதே மாக் மண்டினில் 1960களில் தொழிற்பேட்டை வளர்ந்தது. பக்கத்தில் பிறையில் 1967இல் மலாயவாத்தா இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலையின் உலைக்கு எரிபொருள் எது தெரியுமா? ரப்பர் மரத்துக் கரி! நம் பாட்டிமார் பால் வெட்டிய மரம், கரியாகி, இரும்பை உருக்கியது. அந்த ஆலைக்கு வேலைக்குப் போனவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. தோட்டம் போன இடத்தில் பள்ளியும் போனது. சில பள்ளிகள் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு பட்டணத்துக்கு வந்துவிட்டன.

இப்படி அட்டை மாறியபோது நாம் எப்படி ஆடினோம்? பலர் பழைய ஆட்டத்தையே ஆடினோம். 'மூணு காடு வச்சா பரிசு வரும்' என்று அந்த மாணவன் காத்திருந்ததைப்போல், 'நல்லா உழைச்சா துரை பாத்துக்குவாரு' என்று காத்திருந்தோம். துரையும் இல்லை, பரிசும் இல்லை. உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. எங்கே உழைத்தால் பலன் என்று அட்டையைப் படிக்காமல் விட்டதுதான் குறை.

ஆனால் படித்தவர்களும் இருந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, "விக்கிற தோட்டத்த நாமே வாங்குவோம்" என்று தொழிலாளர்களைத் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு, கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் முதலில் வாங்கியது. சீட்டில் படமாக இருந்தவர்கள், அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடுகிறவர்களாக ஆனது அன்றுதான். இந்தச் செய்தியை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பெயர் வைத்தவர்கள்

இன்னொரு சங்கதி. செவ்வாயில் உள்ள இடங்களுக்கு ஹெல்லாஸ், எலிசியம், தார்சிஸ் என்று யார் பெயர் வைத்தது? இத்தாலி நாட்டு வானியலாளர் சியாபரெல்லி. 1877இல் தொலைநோக்கியால் பார்த்து, படம் வரைந்து, தாம் படித்த பழைய கிரேக்க, லத்தீன் நூல்களிலிருந்து பெயர்களை எடுத்து எழுதினார். படம் வரைந்தவர் வைத்ததே பெயர். 140 ஆண்டுகள் கழித்து, சுவீடனில் அட்டை அச்சிட்டபோதும் அந்தப் பெயர்களே வந்தன.

அப்படியானால் நம்மவர்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன், திருநெல்வேலிச் சீமைக்காரர். அதில் பெரும் பங்காற்றிய மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகே கோதவாடி என்ற சிற்றூரில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்தால் எங்கே போக முடியும் என்று கேட்கும் பெற்றோர்களே, செவ்வாய் வரைக்கும் போகலாம்!

செவ்வாயில் உள்ள சிறிய பள்ளங்களுக்குப் பூமியிலுள்ள சிற்றூர்களின் பெயரை வைப்பது உலக வானியலாளர்களின் வழக்கம். 2024இல் தார்சிஸ் பகுதியில் இந்திய ஆய்வாளர்கள் கண்ட மூன்று பள்ளங்களுக்குப் பெயர் அறிவித்தார்கள். ஒன்று லால், ஓர் அறிவியலாளரின் பெயர். மற்ற இரண்டும் முர்சான், ஹில்சா. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் உள்ள சின்ன ஊர்கள். பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஊர்கள். எங்கள் வகுப்பு ஆடிய முதல் அட்டை தார்சிஸ் அல்லவா? அதே பகுதியில் இன்று அந்த ஊர்களின் பெயர் இருக்கிறது. படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால் பெயர் ஏறியது.

மூன்று வேண்டுகோள்

நேரமாகிறது, பிள்ளைகளுக்குப் பசிக்கிறது. மூன்றே வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

மாணவர்களே, முதல் வேண்டுகோள் உங்களுக்கு. அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்கச் சொல்லவில்லை, விலை அதிகம். பழைய அட்டைப் பெட்டியை வெட்டி விரியுங்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பிறகு எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று வரிசையாக அறுகோணம் வரையுங்கள். கூட்டிப் பாருங்கள், 61 வரும். புட்டி மூடிகளைக் காயாக வையுங்கள். உங்கள் ஊருக்கே ஓர் அட்டை செய்யுங்கள். மாக் மண்டின் அட்டை, பிறை அட்டை, உங்கள் தோட்டத்து அட்டை. எங்கே ஆறு, எங்கே மேடு, எதற்குப் பரிசு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மரம் நடுகிற ஆளுக்கும் ஒரு காய் வையுங்கள், மறந்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே, இரண்டாவது வேண்டுகோள் உங்களுக்கு. பிள்ளை எந்த இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம், எந்தத் தொழிற்பயிற்சி எங்கே இருக்கிறது, எந்த உதவிப் பணத்துக்கு எப்போது மனுப் போட வேண்டும் என்பவையெல்லாம் ஓர் அட்டைதான். எழுதியிருக்கிறது. படிக்க வேண்டும். தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேளுங்கள். "வாத்தியார் என்ன நெனப்பாரோ" என்று கூச்சப்படாதீர்கள். கேட்காமல் இருந்ததால் கப்பலேறியவர்கள் கதையைச் சற்று முன்புதான் சொன்னேன்.

தோட்டத்துப் பெரியவர்களே, மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கு. எங்கள் மாணவர்களை அவரவர் தோட்டத்தின் படத்தை வரைந்து வரச் சொன்னேன். பள்ளி வாசலை ஒரு நாளும் மிதிக்காத ஒரு தந்தை, மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "சார், இவன் தப்பா போட்டுருக்கான். ஆறு இந்தப் பக்கம் இல்ல, கித்தா ஸ்டோருக்குப் பின்னாடி. அங்கதான் எங்கம்மா துணி தொவைக்கும்" என்றார். நான் பென்சிலைக் கொடுத்தேன். கை நடுங்கியது அவருக்கு. ஆனாலும் அந்த ஆற்றைச் சரியான இடத்தில் போட்டார். அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோயில், கிணறு, மேடு, ஆறு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மண்ணில் போட்டால் மழை கரைத்துவிடும். தாளில் போடச் சொல்லுங்கள்.

இன்று பரிசு பெறும் குழந்தைகளுக்கு என் பாராட்டு. பெறாத குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. ஓர் அட்டையில் கடைசியாக வந்தவள், அடுத்த அட்டையில் முதலில் வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அட்டை இன்னும் எத்தனையோ தடவை மாறும். மாறும்போது பயப்படாதீர்கள். ஆடுவதற்கு முன்னால் படத்தைப் பாருங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளிகள்!